பந்தியை விட்டு எழுந்து போன சலோமி அத்தை

இது உங்கள் கையில் கிடைத்தால் யாரிடமும் காட்டாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவிடம் காட்டவே வேண்டாம். அவர் நம் சபையின் மூப்பர். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள் படுத்திருக்கிறார்கள். நான் உக்கிராண அறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் சிம்னி விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நம் ஊரில் அடக்க ஆராதனையின்போது இறந்தவருடைய வாழ்க்கைக் குறிப்பை யாராவது வாசிப்பார்கள். என் அத்தைக்கு அப்படி எதுவும் வாசிக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால்தான் நான் எழுதுகிறேன். அத்தையை அறிந்தவர்கள் மட்டும் வாசியுங்கள்.

செய்தி எனக்குப் பள்ளிக்கூட வாசலில் கிடைத்தது. இன்று சனிக்கிழமை, அரைநாள் வகுப்பு. மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சை இரசமும் எடுக்கும் திருவிருந்து ஆராதனை என்பதால், அதற்கு முந்தைய சனிக்கிழமை அத்தை வாசலில் எனக்காக நிற்பார். இன்று அந்த இடத்தில், மலைச்சரிவில் கீழே இருக்கும் வெள்ளகவி ஊர்க் கிருபையக்கா நின்றார். முழங்கால் வரை சேறு. மூடுபனியில் முதலில் முகம் தெரியவில்லை. "அத்தை வரல தாயி," என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். நேற்று பிரசவம் பார்க்க வெள்ளகவிக்கு இறங்கியிருக்கிறார் அத்தை. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. விடிந்த பிறகு போகலாம் என்று எல்லோரும் தடுத்தும், சனிக்கிழமை சோலி இருக்கிறது என்று இருட்டோடு கிளம்பியிருக்கிறார். மழையில் பாறை வழுக்கிவிட்டது. நான்கு பேர் கம்பளியைக் கம்பில் கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. "இத உங்கிட்ட குடுக்கச் சொல்லித்தான் பையத் தடவுனாங்க," என்று மடித்த ஒரு சீட்டை என் கையில் வைத்தார் கிருபையக்கா.

அந்தச் சனிக்கிழமைச் சோலி நான்தான்.

சலோமி அத்தை அப்பாவின் ஒரே தங்கை. ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேருந்து போகாத ஊர்களுக்கெல்லாம் நடந்தே போவார். ஒருமுறை வெள்ளகவியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு காலிலும் அட்டைகள் தொங்கின. அம்மா உப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "பதறாதீங்க மதினி. சொந்தக்காரங்க எல்லாம் பாத்தும் பாக்காம போறாங்க. இதுக மட்டுந்தான் விடாமப் பிடிச்சிக்கிடுதுக," என்றார் அத்தை. அம்மா சிரித்து உப்பைத் தரையில் கொட்டிவிட்டார். எங்கள் வீட்டில் அப்படிச் சத்தமாகச் சிரிக்கவைக்க அத்தையைத் தவிர யாரும் இல்லை.

அது அவர் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்த காலம். பிறகு அந்த ஸ்தோத்திரக் கூட்டம் நடந்தது.

என் தாத்தா ஞானஸ்நானம் பெற்ற நாளில் ஒவ்வோர் ஆண்டும் எங்கள் குடும்பம் கூடும். வத்தலக்குண்டிலிருந்தும் பெரியகுளத்திலிருந்தும் எல்லோரும் வருவார்கள். அப்பா குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். பெயருக்கு உரியவர் எழுந்து ஒரு வசனம் சொல்ல வேண்டும். இறந்தவர்களின் பெயர் வரும்போது எல்லோரும் எழுந்து நிற்போம். முடிவில் அப்பா, "கல்லறைத் தோட்டத்தில் நமக்கு ஒரே வரிசை. கடைசி எக்காளம் தொனிக்கும்போது நாம் குடும்பமாக எழுந்திருப்போம்," என்று சொல்லி ஜெபிப்பார். அதன் பிறகு பந்தி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அத்தை அந்தக் கூட்டத்துக்குக் கிருபையக்காவை அழைத்து வந்தார். அப்போதுதான் அக்கா ஞானஸ்நானம் பெற்றிருந்தார். அதற்காக அவருடைய வீட்டார் அவரைச் சேர்ப்பதில்லை. இலை போட்டதும் அத்தை அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். பெரியவர்கள் சிலர் உட்காராமல் நின்றார்கள். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவர் என்ன சாதி என்பதுதான் காரணம் என்று பிறகு அம்மா சொன்னார். அப்பா குனிந்து மெல்லத்தான் சொன்னார்.

"இது குடும்பப் பந்தி சலோமி. அவளுக்குப் பின்கட்டுல போடச் சொல்லு."

"பரலோகத்துலயும் பின்கட்டு இருக்காண்ணே?"

"நாக்க அடக்கு."

அத்தை அடக்கவில்லை. அத்தனை பேருக்கும் கேட்கும்படி அப்பாவை, "வெள்ளையடிச்ச கல்லறை" என்றார். வேதத்தில் வெளிவேஷக்காரரைப் பார்த்துச் சொல்லப்பட்ட சொல் அது என்று அங்கிருந்த குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கிருபையக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தை எழுந்து போனார். அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, இனி அவள் இந்த வாசலை மிதிக்கக்கூடாது என்றார். அடுத்த ஆண்டு அப்பா பெயர்களை வாசித்தபோது அத்தையின் பெயர் வரவில்லை. அதற்கு முந்திய பெயரிலிருந்து பிந்திய பெயருக்கு அவர் விரல் நேராக இறங்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின்னும் அத்தை ஆலயத்துக்கு வராமல் இருந்ததில்லை. கடைசி வரிசையில் உட்காருவார். ஆனால் திருவிருந்து தொடங்கும்போது எழுந்து வெளியே போய்விடுவார். பலகைத் தரையில் அவருடைய செருப்புச் சத்தம் எல்லோருக்கும் கேட்கும். கர்த்தருடைய பந்தியையும் மிதித்துவிட்டுப் போகிறாள் என்று பேசினார்கள். ஓராண்டு திருவிருந்து எடுக்காதவர்களின் பெயரைச் சபைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது இங்கே வழக்கம். அத்தையின் பெயரையும் எடுத்தார்கள். அந்தத் தாளில் அப்பாவும் கையெழுத்துப் போட்டார்.

அத்தை ஏன் எழுந்து போனார் என்று இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால், முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு, பிறகு பலிபீடத்துக்கு வா என்று வேதம் சொல்கிறது. அத்தை அதை அப்படியே எடுத்துக்கொண்டார்; அண்ணன் மன்னிக்கும்வரை திருவிருந்து எடுப்பதில்லை என்று இருந்தார். அந்தக் கூட்டத்துக்குப் பின் வந்த முதல் திருவிருந்துக்கு முந்தைய சனிக்கிழமை, பள்ளி வாசலில் எனக்கு ஒரு சீட்டுக் கொடுத்து, அப்பாவிடம் சேர்க்கச் சொன்னார். "கிருபைய உக்கார வச்சதுக்கு நான் மன்னிப்புக் கேக்கல. அது சரி. அத்தன பேரு முன்னால அண்ணன அந்தச் சொல்லுச் சொன்னது தப்பு. அதுக்குத்தான் கேக்கேன்," என்றார். நேரில் வரலாமே என்று கேட்டேன். "என் நாக்கு எனக்குத் தெரியும் புள்ள. நேருல வந்தா இன்னொரு சொல்லு சேந்து வரும். தாளுல எழுதுனா அடங்கிக் கெடக்கும்."

அன்று இரவு சாப்பாட்டில் யாரோ அத்தையின் பெயரை எடுத்தார்கள். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். என் பாவாடைப் பையில் சீட்டு இருந்தது. நான் கொடுக்கவில்லை. மறுமாதம் அத்தை கேட்டபோது, அப்பா வாசித்தார், ஒன்றும் சொல்லவில்லை என்று பொய் சொன்னேன். "சரி, அடுத்த மாசமும் கேப்போம்," என்றார் அத்தை. அவர் ஒவ்வொரு மாதமும் எழுதினார். நான் ஒவ்வொரு மாதமும் அதே பொய்யைச் சொன்னேன். எல்லாச் சீட்டுகளையும் என் தையல் பெட்டியின் அடியில் வைத்தேன். மறுநாள் ஆலயத்தில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்கும்போது தலையைக் குனிந்துகொள்வேன்.

இன்று சாயங்காலம் பெரியவர்கள் முன்னறையில் கூடினார்கள். நாளை ஆராதனை முடிந்ததும் அடக்கம். குடும்ப வரிசையில் தாத்தாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. அதைத் தரமுடியாது என்று அப்பா சொன்னார். "அவளா விட்டுட்டுப் போன பந்தி. நான் என்ன செய்ய? வேலி ஓரத்துல வைங்க." சபைக்கு வெளியே செத்தவர்களை அங்கேதான் புதைப்பார்கள். மழைக்காலத்தில் அந்த ஓரத்து மண் சரிந்து ஓடையில் விழுவதை நான் பார்த்திருக்கிறேன். குழி வெட்டுகிறவர்களை வெள்ளனே வரச் சொல்லி ஆள் போயிருக்கிறது.

அடுத்த மாதம் எனக்குத் திடப்படுத்தல். முதன்முறையாகத் திருவிருந்துக்குக் கை நீட்ட வேண்டும். அப்பமும் இரசமும் வரும்போது நான் எப்படி நீட்டுவேன்? அத்தையின் இரட்சிப்பு வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டதா என்று முன்னறையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னுடையது எங்கே கிடக்கிறது என்று எனக்குத்தான் தெரியவில்லை. மழை மறுபடியும் பிடித்துவிட்டது. கூரைத் தகரத்தில் விழும் சத்தத்தில் யாராவது நடந்து வந்தாலும் எனக்குக் கேட்காது.

அத்தை கடைசியாகக் கொடுத்தனுப்பிய சீட்டை ஒரு மணி நேரம் முன்புதான் பிரித்தேன். தாள் ஈரமாக இருந்தது. முதல் இரண்டு வரிகள் எப்போதும் எழுதுவதுதான். கீழே புதிதாக ஒன்று இருந்தது:

"அண்ணே, இதைக் கொண்டுவரும் பிள்ளையைத் திட்டவேண்டாம். இவ்வளவு மாதமும் உங்களிடம் கொடுக்கப் பயந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். என்றைக்குத் தைரியம் வருகிறதோ அன்றைக்குக் கொடுக்கட்டும் என்றுதான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்."

அவருக்குத் தெரிந்திருந்தது. என் பொய் தெரிந்தும் மாதம் தவறாமல் பனியில் வந்து நின்றார். ஏன் கொடுக்கவில்லை என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வேறு யாரிடமும் சீட்டைக் கொடுத்தனுப்பாமல், எனக்காகத்தான் அவர் கர்த்தருடைய பந்தியை விட்டு எழுந்து எழுந்து போயிருக்கிறார்.

அத்தையின் நர்ஸ் உடையும் குடையும் ஆஸ்பத்திரியில் இருக்கின்றன. அவை யாருக்குப் போகும் என்று தெரியாது. அத்தையிடமிருந்து எனக்கு இருப்பது இந்தக் காத்திருப்பு ஒன்றுதான். ஒருவர் எனக்காக அவ்வளவு நாள் நின்றார் என்பதை நான் சாகும்வரை வைத்திருப்பேன். சீட்டுகள் என்னுடையவை அல்ல. எல்லாவற்றின் மேலும் அண்ணனுக்கு என்றுதான் எழுதியிருக்கிறது. மாத வரிசைப்படி அடுக்கி மூட்டையின் மேல் வைத்திருக்கிறேன். காலையில் மண்வெட்டி எடுப்பதற்கு முன்னால் அப்பாவிடம்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவின் குரல். உள்ளே யார், விளக்கு ஏன் எரிகிறது என்று கேட்கிறார். நான்தான் அப்பா என்று சொல்லிவிட்டேன். தாழ்ப்பாளை எடுக்கப் போகிறேன். சீட்டுகளை ஒளிக்கவில்லை. மூட்டையின் மேலேயே