மழை விட்ட மட்டக்களப்பில் மூன்று சினை நண்டுகள்

நண்டுக் குழம்பு சாப்பிடத்தான் மட்டக்களப்புக்குப் போனேன். வேறு பெரிய நோக்கமில்லை. மார்கழி மழை விட்டு இரண்டு நாள். ரயில் நிலையத்திலிருந்து கல்லடிக் கடற்கரை நாலு கிலோமீற்றர் இருக்கும். ஓட்டோவுக்கு அறுநூறு ரூபாய் பேசினேன்.

பாலம் தாண்டியதும் ஓட்டோக்காரர் சிவாவுக்கு வீட்டிலிருந்து அழைப்பு. "கோவிக்காதீங்க அக்கா, வீட்டடிக்கு ஒருக்கா போயிற்றுப் போவம். அவ அழுறா," என்றார். அழுகிறாள் என்ற பிறகு என்ன பேச்சு, போனோம்.

அவர் மனைவி மாலா வாயும் வயிறுமாக வாவிக்கரையில் நின்றார். காலடியில், தண்ணீருக்குள் ஒரு வலைக்கூடு. வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கும்போது கணவன் சினைப்பட்ட உயிரைக் கொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால், ஓட்டோ ஓடாத நேரத்தில் சிவா வாவியில் போடும் வலையில் விழுந்த மூன்று சினை நண்டுகளையும், குஞ்சு பொரிக்கட்டும் என்று அதில் விட்டிருந்தார்கள். வெள்ளம் வந்து, கடலோடு கலக்கும் அந்த வாவியின் உப்பைக் கழுவிவிட்டது. பெரிய நண்டு அதைத் தாங்கும். வயிற்றடியில் ஒட்டியிருக்கும் முட்டை தாங்காது. நல்ல தண்ணீர் புகுந்து ஊதிக் கெட்டு உதிர்ந்துவிடும். இரண்டு நண்டுகளின் அடிவயிறு வெறுமையாகக் கிடந்தது.

"காப்பாத்திறன் எண்டு நான்தான் அடைச்சு வெச்சன் அக்கா. சும்மா விட்டிருந்தா கடலுக்குப் போயிருக்குங்கள்," என்றார் மாலா. "எனக்கும் இப்பிடி ஏதும்..."

"வாய மூடுகா!" என்று சிவா அதட்டினார். பிறகு தானே இறங்கி வலைக்கூட்டைத் தூக்கினார்.

மிஞ்சிய ஒன்றையாவது கடலில் விடுவோம் என்று அதைப் பிளாஸ்டிக் பேசினில் வைத்து, ஈரச்சாக்கால் மூடி, என் மடியில் தந்தார்கள். நண்டு தின்ன வந்தவள் மடியில் நண்டு! வேறு நாளென்றால் சிரித்திருப்பேன்.

கடற்கரையில் சிவா தோளைப் பிடித்துக்கொள்ள, கூடவே வந்த மாலா தண்ணீரில் இறங்கி நண்டை விட்டார். ஒரு அலை வந்தது, நண்டு போய்விட்டது. "பொரிக்கும்தானே அக்கா?" என்று கேட்டார். அதன் முட்டையிலும் பாதி பேசினில் உதிர்ந்ததை நான் பார்த்திருந்தேன். "ஓம்" என்றேன்.

மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கல்லடிக் கடல் அப்போது பொல்லாதது, குளிக்க இறங்காதீர்கள். சந்தையில் சினை நண்டு ருசி என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மாலாவுக்கு மாசியில் பிள்ளை பிறக்க வேண்டும். இப்போது பங்குனி. சிவாவின் எண் என்னிடம் இருக்கிறது. எடுத்துக் கேட்கப் பயமாக இருக்கிறது.