சுல்மா ஒட்டிய லேபிள்கள்

சுல்மா எச்செவெரி பகலில் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மாலையில் எங்கள் முர்கா குழுவுக்குப் பாட்டெழுதினாள். மொன்டேவிடியோவில் கார்னிவல் வந்தால் மேடையேறி ஊரையே கிண்டலடித்துப் பாடுகிற குழு எங்களுடையது. நான் அதில் தாளத்தட்டு அடிப்பவன். அவள் எழுத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதைக் கணினியில் சேமிக்கும் விதத்தில்தான் எங்கள் உயிரை வாங்கினாள்.

பாட்டெல்லாம் வெறும் எழுத்துக் கோப்புதான். ஆனால் கோப்பின் பெயர் முடிகிற இடத்தில் எல்லாரும் போடுகிற .txt அவளுக்கு ஆகாது.

"மருந்துக்கடையில எல்லா பாட்டில்லயும் 'மருந்து'ன்னு மட்டும் ஒட்டி வெச்சா நீ வாங்கிக் குடிப்பியா?" என்பாள்.

கோரஸ்காரர்களுக்கு .cor என்று போட்டு அனுப்பினாள். இதை எதில் திறப்பது என்று அத்தனை செல்போனும் கேட்டது. குழுத்தலைவர் ஒலிந்தோ ஒவ்வொரு போனாக வாங்கிப் பெயரை மாற்றிக் கொடுத்தார். ஒத்திகையில் பாதி அதிலேயே போனது.

தாளக்காரர்களை நாங்கள் பத்தேரியா என்போம். அந்த bateria என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்தை எடுத்து எங்களுக்கு .bat என்று போட்டாள்.

கார்னிவல் நெருங்கிவிட்டது. தெஸ்பெதீதா என்கிற விடைபெறும் பாட்டை, கடைசிப் பாட்டை, கோரஸ் புது மெட்டில் எடுத்தது. நாங்கள் பழைய தாளத்தையே அடித்தோம். ஒலிந்தோ தொப்பியைத் தரையில் வீசினார்.

"யோவ் வில்மார்! புதுசு அனுப்பி எவ்வளவு நாளாச்சு? மாத்தே டீ குடிச்சுட்டே பொழுத ஓட்டுனீங்களா?"

"எங்களுக்கு வரவே இல்லைங்க! எங்கம்மா மேல சத்தியம்!" என்றான் பெரிய முரசு அடிக்கும் வில்மார்.

"நானே அனுப்பினேன்பா" என்றாள் சுல்மா.

"அப்ப நான் பொய்யனா?" வில்மார் முரசைக் கழற்றிக் கீழே வைத்தான்.

கிளப் கணினியில் அவளுடைய மின்னஞ்சலைத் திறந்து பார்த்தோம். ஆபத்தான கோப்பு என்று சொல்லி அத்தனையும் திரும்பி வந்திருந்தது. அவள் பிரித்தே பார்க்கவில்லை. பென்டிரைவில் இருந்த பிரதியை அழுத்தினாள். திரையில் ஒரு கறுப்புப் பெட்டி மின்னி மறைந்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடி மின்னி மறைந்தது. ஒலிந்தோவுக்கு அப்போதுதான் உறைத்தது: .bat என்றிருந்தால் கணினி அதைக் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். அவள் பாட்டை வரிவரியாக நிறைவேற்றப் பார்த்திருக்கிறது.

"அம்மா தாயே! பாட்டெழுதச் சொன்னா மெஷினுக்கு உத்தரவு போட்டு வெச்சிருக்கியே!"

"பாவம், அதுக்கும் தாளம் பிடிபடல போல" என்றான் வில்மார். சிரிப்பு அடங்கியதும் முரசை மறுபடி மாட்டிக்கொண்டான்.

சுல்மாவின் முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சிடு வில்மார். உங்கிட்ட மட்டுந்தான் கேக்கறேன், இந்த மெஷின்கிட்ட இல்ல."

"லேபிளை முன்னாடி ஒட்டும்மா. பின்னாடி .txt-ஐ விட்டுடு" என்று கெஞ்சினார் ஒலிந்தோ.

bateria-despedida.txt என்று தட்டினாள். "அசிங்கமா இருக்கு" என்றாள். எல்லார் போனிலும் திறந்தது. பாட்டை எப்படியோ கற்றுக்கொண்டு மேடையேறினோம்; கைதட்டலும் வாங்கினோம்.

இப்போது லேபிளையெல்லாம் பெயரின் முன்பக்கத்திலேயே ஒட்டுகிறாள். போன வாரம் வந்த கோப்பின் பெயர் மட்டுமே என் போன் திரையை நிறைத்துவிட்டது. ஒலிந்தோவிடம் காட்டினேன். பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.