சலவைக்குப் போன இடைக்கச்சை

நியூயார்க்கில் யூதர்கள் வாழும் பரோ பார்க்கில் எந்த வீட்டில் பிரசவ வலி கண்டாலும், காருக்குச் சொன்ன கையோடு ஃப்ரிமெட்டுக்குத்தான் போன் வரும். அவள் அலமாரியில், ஒரு தலையணை உறைக்குள், கறுப்புப் பட்டு இடைக்கச்சை ஒன்று இருந்தது. அவர்களுடைய குருவான காலஞ்சென்ற ரெபே பிரார்த்தனைக்கு நிற்கும்போது இடுப்பில் கட்டியது. ஃப்ரிமெட்டின் அப்பா அவர் வீட்டில் ஊழியராக இருந்தவர். வெள்ளிக் கிண்ணமும் விளக்கும் ரெபேயின் மகன்களுக்குப் போக, கச்சை இவர் கைக்கு வந்தது. வலியெடுத்தவள் அதைப் பிடித்துக்கொண்டால் பிள்ளை சுகமாகப் பிறக்கும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை.

ஃப்ரிமெட் வாய் திறக்காதவள். கணவன் கெட்ஸலின் மீன் கடையில் பின்பக்கம் நின்று மீன் அரைப்பாள். முன்னால் வந்து வியாபாரம் பார்க்கச் சொன்னால் முகம் சிவந்துவிடும். கச்சையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கும்போது மட்டும் தலை நிமிர்ந்திருக்கும்.

அதைத் துவைக்கக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. துவைக்க யாருக்கும் தோன்றியதுமில்லை. அதை வாங்கிப்போன ஹிண்டாவுக்குத் தோன்றிவிட்டது. மகளுக்குப் பிரசவம் ஆனதும், இரவல் பொருளை அழுக்காகத் திருப்பித் தருவது அழகில்லை என்று மெஷினில் போட்டு, இஸ்திரியும் செய்து, தேன் கேக்கோடு கொண்டுவந்தாள்.

"பாரு ஃப்ரிமெட், புதுசு மாதிரி ஆயிடுச்சு!"

ரெபேயின் மூக்குப்பொடி வாசனை போய் லாவெண்டர் அடித்தது. ஓரத்துக் குஞ்சங்கள் பஞ்சாகியிருந்தன. "நல்லாயிருக்கு" என்றாள் ஃப்ரிமெட். ஹிண்டா போனதும் நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"என்னம்மா, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் கெட்ஸல்.

"கச்சையைத் தொவைச்சிட்டாங்க. சோப்புப் போட்டு."

"தினம் பிரார்த்தனைக்கு முன்னாடி முங்கிக் குளிப்பாரே ரெபே, அவர் புனிதம் கரைஞ்சா போச்சு?"

"விளையாடாதீங்க. அவர் வேர்வை அதுல இருந்துச்சு."

"உன் கை மீன் செதிலும்தான் இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. மதச் சட்டம் சொல்லும் ரப்பியிடம் போய்க் கேட்கலாம். கேட்டு, 'இனி அது வெறும் துணிதான்' என்று சொல்லிவிட்டால்? அப்புறம் தன்னை யார் கூப்பிடப்போகிறார்கள்?

வியாழக்கிழமை கடையில் கூட்டம் நெரியும்போது போன் வந்தது. அண்ணன் மகள் யாக்கெட், தலைப்பிரசவம்.

"அத்தை, வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறோம். கச்சையோட வாங்க."

சொல்லாமலே கொண்டுபோகலாம். ஆனால் நம்பிப் படுத்திருக்கிறவளை எப்படி ஏமாற்றுவது?

"யாக்கெட், அதைத் தொவைச்சிட்டாங்க. இனிமே பலிக்குமான்னு எனக்குத் தெரியலடி."

அந்தப் பக்கம் ஒரு வலி வந்து அடங்கியது.

"அப்பாடா!"

"என்னது?"

"அக்காவுக்கு அந்த நாத்தத்துல வாந்தியே வந்துச்சு அத்தை. ஊர்ப் பொம்பளைங்க வேர்வை பூரா, அதோட உங்க கடை மீனு. உங்க மனசு நோகுமேன்னு யாரும் சொல்லல. சரி, சீக்கிரம் வாங்க. அம்மா வந்தா வாய் ஓயமாட்டா."

ஃப்ரிமெட் கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள்.

பிரசவ அறையில் ஒருத்தர்தான் கூட இருக்கலாம் என்றாள் நர்ஸ். யாக்கெட்டின் அம்மா பிளிமா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உரிமையோடு நாற்காலியை இழுத்தாள்.

"அத்தை இருக்கட்டும்மா" என்றாள் யாக்கெட்.

"பெத்தவ நான் இங்க நிக்கிறேன்!"

"நீ பேசுவ. அத்தை பேசமாட்டாங்க."

பிளிமா வாயைப் பிளந்தாள். பிறகு ஃப்ரிமெட்டின் கையிலிருந்த கச்சையைப் பிடுங்கினாள். "இதையாவது குடு. வெளியில உக்காந்து நான் புடிச்சுக்கறேன்."

வெளியே மருமகன் வேதத்திலிருந்து சங்கீதப் பாடல்களை வாசிக்க, பிளிமா கச்சையைப் பிழிந்துகொண்டிருந்தாள். உள்ளே யாக்கெட், அத்தையின் கையை நொறுங்கும்படி பிடித்திருந்தாள். ஃப்ரிமெட் ஒரு வார்த்தை பேசவில்லை, கையையும் இழுத்துக்கொள்ளவில்லை. மத்தியானத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது.

கதவு திறந்ததும் பிளிமா கச்சையை உயர்த்திப் பிடித்தபடி உள்ளே பாய்ந்தாள்.

"பாத்தியா, எப்படிப் பலிச்சுது! வெளியில இருந்தே!"

யாக்கெட் அத்தையைப் பார்த்தாள். ஃப்ரிமெட், சிவந்து வீங்கிய விரல்களை ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டு, "ஆமா அண்ணி" என்றாள்.