குளியலறையில் ஓடிய படம்

எங்கள் வீட்டில் சினிமா என்பது வெகுநாள் கூடத்தை விட்டு நகர்ந்ததில்லை. டிவிக்குக் கீழே ஒரு டிவிடி பிளேயர், அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் கூடை, கூடைக்குள் சிடிக்கள். டிவிடியையும் நாங்கள் சிடி என்றுதான் சொல்வோம். கடைத்தெருவில் வாடகைக்குப் படம் கொடுத்துக்கொண்டிருந்த கடையை மூடியபோது, பிள்ளைகள் பார்க்கிற படங்களாகப் பொறுக்கி ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். அப்போது மகள் வயிற்றில் இருந்தாள். பிறக்காத பிள்ளைக்குப் படம் வாங்கிவந்த பொம்பளை காரைக்காலிலேயே நான் ஒருத்திதான் என்று கணவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவள் வளர்ந்து படம் பார்க்கத் தொடங்கியபோது, நான் முதலில் பார்க்காத எதையும் அவளுக்குப் போட்டதில்லை. மதியம் அவள் தூங்கும்போது, சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு, கடைசியில் பெயர்கள் ஓடி முடிகிறவரை உட்கார்ந்து பார்ப்பேன். அட்டையில் இருப்பது உள்ளே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. முயல் படம் போட்ட ஒரு சிடியில் யாருடைய கல்யாண வீடியோவோ இருந்தது. பார்த்து, பயமில்லை என்று தெரிந்த பிறகு சிடியின் மேல் மார்க்கரால் ஒரு டிக் போடுவேன். கணவர் ஷிப்ட் முடிந்து வந்து கைகால் கழுவியபடி கேட்பார்:

“என்ன சென்சார் மேடம், இன்னைக்கு யாருக்கு சர்டிபிகேட்டு?”

“சிரிங்க, சிரிங்க. புள்ள பயந்துச்சுன்னா யாரு தூக்கி வச்சுக்கிட்டு நடக்குறது?”

“அந்த முயலப் பாத்தா புள்ள பயப்படும்? நீதான் பயப்படுற.”

 பயப்படுவதை என் வேலைகளில் ஒன்றாகத்தான் நினைத்திருந்தேன்.

பிளேயர் கடற்காற்றில் போயிற்று. எங்கள் பக்கம் இரும்பும் கம்பியும் அதிக நாள் தாங்காது. மூடியைத் திறந்து பார்த்த கடைக்காரர், “லென்ஸ் போயிடுச்சுக்கா. இது இப்ப எங்கயும் வர்றதில்ல. செல்லுல எறக்கிப் பாருங்க, அவ்ளோதான்” என்று திரும்ப மூடிக் கொடுத்துவிட்டார்.

கணவருக்குக் கீழவாஞ்சூர்த் துறைமுகத்தில், லாரி எடை போடுகிற இடத்தில் வேலை. அங்கே லாரிகளுக்கு நடுவில் எல்லோரும் படம் இறக்கித்தான் பார்ப்பார்கள். யாரோ அனுப்பிய லிங்க்கை வைத்து என் செல்லில் ஒரு ஆப்பை ஏற்றினார். அது ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது. போட்டோக்கள், மைக், கேமரா. அவர் பார்க்காமலே அலோ, அலோ என்று அழுத்திக்கொண்டு போனார்.

“ஏங்க, படம் காட்டுறதுக்கு எதுக்கு அதுக்கு கேமரா?”

“எல்லா ஆப்பும் கேக்கும்மா. குடுத்தாதான் தொறக்கும்.”

“தொறக்காட்டி போகட்டுமே.”

“அப்ப அந்த முயலயே கைல வச்சுக்கிட்டு சுத்து.”

விட்டுவிட்டேன். படங்கள் வந்து குவிந்தன. ஒரு படத்தை நான் முழுதாகப் பார்த்து முடிப்பதற்குள் மகள் அடுத்ததைத் தொட்டிருப்பாள். நடுநடுவே சூதாட்ட விளம்பரமும் அரைகுறை உடையில் பெண்களும் வந்து போனார்கள். டிக் போட இடமே இல்லை. முன்பு நாங்கள் படம் இருக்கிற இடத்துக்குப் போனோம். இப்போது படம் எங்களோடு சமையல்கட்டுக்கும் கட்டிலுக்கும் வந்தது. கடைசியில் குளியலறைக்கும் வந்தது.

எங்கள் குளியலறை கொல்லையில், வீட்டை ஒட்டாமல் தனியாக இருக்கிறது. தகரக் கதவு, தண்ணீருக்கு ஒரு நீல டிரம், அதற்கு மேலே சோப்பு வைக்க ஒரு மாடம். தலைக்கு ஊற்றும்போது மகள் பலகையில் அசையாமல் உட்கார வேண்டும் என்பதற்காக, மாடத்தில் செல்லைச் சாய்த்துவைத்துப் படத்தை ஓடவிடப் பழகியிருந்தேன். ஒரு சனிக்கிழமை அப்படித்தான், வாத்துக் குஞ்சுகள் வரும் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. துண்டை மறந்துவிட்டேன். கொடியிலிருந்து அதை எடுத்துவர வெளியே போய்த் திரும்பிய நேரம்தான். உள்ளே வந்தபோது மகள் பலகையில் இல்லை. தலையெல்லாம் நுரையோடு எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“ஏண்டா எந்திரிச்ச? வழுக்கிவுட்டா என்ன பண்ணுவ?”

“அது படம் எடுத்துச்சும்மா.”

“எது?”

அவள் டிரம் இருந்த பக்கம் கையை நீட்டினாள். “அதான். என்னையே பாத்துச்சு. அப்பறம் போயிடுச்சு.”

டிரம்முக்கு மேலே மாடம். மாடத்தில் செல். அதன் திரை கறுப்பாக இருந்தது.

 துணியில்லாமல் நிற்கும் பிள்ளை. அவளுக்கு எதிரே கேமரா திறந்த செல். நாங்களே கொடுத்த அனுமதி. அவளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். நுரையைக்கூட சரியாக அலசவில்லை. செல்லை அணைத்து, கேமராவின் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டினேன். பிறகு அதே செல்லில்தான் கணவரைக் கூப்பிட வேண்டும் என்பது உறைத்தது. அதைத் தொடவே அருவருப்பாக இருந்தது.

“புள்ளையப் படம் எடுத்துருக்குங்க” என்றேன்.

“யாரு?”

“செல்லுதான். நீங்க போட்ட ஆப்பு.”

அந்தப் பக்கம் லாரி இரைச்சல். “அழுவாத. வர்றேன்” என்றார். நிலக்கரித் தூசி படிந்த சட்டையோடு பாதி ஷிப்டில் வந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு இன்னும் பயமாகிப்போயிற்று. நான் வீணாகப் பயப்படுகிறேன் என்று அவர் சிரிப்பார் என எதிர்பார்த்திருந்தேன்.

செல்கடையில் எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்தார்கள். “எடுத்த மாதிரி ஒண்ணும் இதுல இல்லக்கா” என்றான் கடையில் இருந்தவன். நான் மூச்சுவிட்டேன். உடனே, “ஆனா எடுத்து வெளிய அனுப்பிருந்தா நமக்குத் தெரியாது” என்றும் சொன்னான். ஆப்பை நீக்கி, செல்லையே சுத்தமாக அழித்துக் கொடுத்தான். போலீசுக்குப் போகலாமா என்று கணவர் கேட்டார். போய் என்ன சொல்வது? நாலு வயதுப் பிள்ளை சொன்ன ஒரு சொல்லைத் தவிர எங்களிடம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு என் மனம் பட்ட பாடு கொஞ்சமில்லை. சிடியாக இருந்தால் காலில் போட்டு மிதித்து உடைத்து அடுப்பில் போட்டிருப்பேன். அதற்கு ஓர் ஓரம் உண்டு, அந்த ஓரத்தோடு அது முடிந்துவிடும். இது எங்கே இருக்கிறது, எத்தனையாகப் பெருகிவிட்டது, யார் கையில் இருக்கிறது? காரைக்கால்மேட்டில் மீன் வாங்கப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் செல்லைப் பார்த்துச் சிரித்தார். அவர் தலை நிமிர்வதற்குள் நான் மீன் வாங்காமலே திரும்பிவிட்டேன். கோயிலில் முட்டிபோட்டு, மாதாவே, அது இருட்டாக விழுந்திருக்கட்டும், முகம் தெரியாமல் இருக்கட்டும் என்று வேண்டினேன்.

மகள் குளியலறைக்கு வர மறுத்தாள். கதவு வரைக்கும் வருவாள், பிறகு என் நைட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாங்குவாள். நடந்தது அவளுக்கும் புரிந்திருக்கிறது, கூச்சப்படுகிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டால் மனதில் ஆறாமல் நின்றுவிடும் என்று பி.எட். படிக்கும்போது சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நன்றாகப் படித்தவள் போல நடந்துகொண்டேன். வெளிச்சம் வரும் சந்தில் துணியைச் செருகினேன். கதவை இழுத்துத் தாழ் போட்டேன். எங்கிருந்து பார்த்தாலும் அவள் தெரியக் கூடாது என்று, டிரம்முக்கும் சுவருக்கும் இடையில் இருந்த மூலையில் அவளை நிறுத்திக் குளிப்பாட்டினேன். அவள் என் காலைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். “ஒண்ணுமில்லடா, யாரும் பாக்கல, யாரும் பாக்கல” என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன். தினமும் அதே மூலையில்.

அடுத்த வாரக் கடைசியில் கணவருக்கு விடுமுறை. காலையில் நான் மகளைக் குளிக்க இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் வாசற்படியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவர் வந்து அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“இப்பதான் உள்ள செல்லே இல்லியேடா. அப்பறம் என்ன?”

நான் கண்ணால் வேண்டாம் என்றேன். அவர் கவனிக்கவில்லை.

“எப்புடிப் படம் எடுத்துச்சு அது? அப்பாவுக்குக் காட்டு.”

மகள் வாசற்படியை விட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் காதுக்குப் பின்னால் விரித்து வைத்துக்கொண்டாள். கழுத்தை நிமிர்த்தி, இடுப்பிலிருந்து மெதுவாக இப்படியும் அப்படியும் ஆடினாள்.

“இப்பிடி. எங்க மிஸ் சொன்னாங்கல்ல, படம் எடுக்கும்னு. உஸ்ஸுன்னுச்சுப்பா.”

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாள் அடக்கிவைத்த மூச்சு ஒரேயடியாக வெளியே வந்ததுபோல, “அட, பாம்பா! செல்லு இல்லியா! பாம்புதான்…” என்று தொடங்கியவர் அந்தச் சிரிப்பை முடிக்கவில்லை. வாய் திறந்தபடியே கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் அதற்குள் மகளைத் தூக்கிக்கொண்டு அவள் கால்களைத் தடவிக்கொண்டிருந்தேன். பாதம், கணுக்கால், விரலிடுக்கு. ஒரு கீறல்கூட இல்லை. இருந்தும் திரும்பத் திரும்பத் தடவினேன். படம் என்ற சொல்லுக்குள் இருந்த பாம்பு எனக்குத் தோன்றவே இல்லை. செல் இருந்த இடத்தில் வேறு எதுவும் இருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

தீயணைப்பு நிலையத்திலிருந்து இரண்டு பேர் நீளக் கம்பியோடு வந்தார்கள். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிறந்த ஊர் வயல்காட்டுக் கிராமமான சுரக்குடி. நான் படபடப்பில், “பாம்புக்கா, பாம்பு உள்ள இருக்கு” என்றேன்.

“ஐயோ, பேரச் சொல்லாதீங்கம்மா. பூச்சின்னு சொல்லுங்க.”

“பூச்சியா? புள்ளையக் கடிச்சிருக்கும்க்கா!”

“பூச்சின்னு சொன்னா கடிக்காதுன்னா சொன்னேன்? பேரச் சொன்னா வரும்னுதான் சொன்னேன்.”

கம்பி வைத்திருந்தவர், “அதுக்குக் காது கேக்காதும்மா. நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க, எங்களுக்குக் கேக்க மாட்டேங்குது” என்றார்.

டிரம்மிலிருந்த தண்ணீரைக் கொட்டி, நகர்த்தினார்கள். அதன் பின்னால், சுவரோரமாகச் சட்டை கிடந்தது. பாம்பு உரித்துப்போட்ட தோலைத்தான் அப்படிச் சொல்வார்கள். கண்ணாடிக் காகிதம்போல, தலை இருந்த இடத்தில் அகலமாக. நான் மகளை நிறுத்தி வைத்திருந்த இடத்திலிருந்து கை நீட்டினால் தொட்டுவிடலாம். அதற்குப் பக்கத்தில், தண்ணீர் வெளியேறும் ஓட்டை மூடியில்லாமல் இருந்தது.

“நல்ல பாம்புதான். காயலப் பாருங்க, புதுசு” என்று ஒருவர் கம்பியால் அதைத் தூக்கிக் காட்டினார். “ஆள் இல்ல. ஓட்ட வழியா வெளிய போயிருக்கு.”

“திரும்ப வருமாங்க?” என்றேன்.

“எலி இருந்தா வரும். ஓட்டைய அடைங்க.”

கொல்லை முழுவதும், விறகடுக்கு, செங்கல் குவியல் எல்லாம் கலைத்துப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. அவர்கள் போனதும் கணவர் ஓட்டைக்குக் கம்பி வலை வைக்கச் சிமெண்டு குழைத்தார்.  அக்கா வேலியோரம் நின்று, “இதெல்லாம் வயலா இருந்த இடம்தானம்மா. நாமதான் அதுங்க எடத்துல வந்து வீடு கட்டிருக்கோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் என் இடுப்பில் இருந்தாள். அப்பா பூசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

“அது எங்கப்பா போச்சு?”

“வயலுக்குப் போயிடுச்சுடா. இனிமே வராது.”

 அவள் என் பக்கம் திரும்பி, “நம்ம வீடுதான வயலுன்னு அக்கா சொன்னாங்க?” என்றாள்.

கணவர் கரண்டியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று இரண்டு பேருமே காத்திருந்தார்கள். எனக்குத் தோன்றியதெல்லாம், தரையில் அவள் கால் படக் கூடாது என்பது மட்டும்தான். இடுப்பு வலித்தது. அவளை மறுபக்கம் மாற்றிக்கொண்டேன். இறக்கிவிடவில்லை.