சூனியக்காரி வேஷத்தில் நான் சொன்ன வாக்கு

கரித்தூளில் தேங்காயெண்ணெய் குழைத்து முகத்தில் பூசினால் ஒரு வாடை வரும். இப்போதும் அது மூக்கை விட்டுப் போகவில்லை...

கண்டியில் ஏ.எல். பரீட்சைக்குப் படித்த வருஷம். ஸ்கூல் கலைவிழாவுக்கு ஒரு பழைய ஆங்கில சோக நாடகத்தைத் தமிழில் போட்டோம். மூன்று சூனியக்காரிகள், அவர்கள் வாக்கை நம்பிக் கெட்டுப்போகும் ஒரு ராஜா. ராஜா வேஷம் என் வகுப்புத் தோழி யோகாவுக்கு. ஹுன்னஸ்கிரிய மலையில் இருக்கும் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். மூத்த சூனியக்காரி நான். பொருத்தமான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று வீட்டில் ஒரே சிரிப்பு.

நான் கத்திக் கத்தி வசனம் பேசுவேன். டீச்சருக்குப் பிடிக்கவில்லை.

"ஏன் புள்ள மெரட்டுற? ஆறுதல் சொல்ற மாதிரி சொல்லு. அந்த ஆறுதலை நம்பித்தான் அவன் அழியுறான்."

வசனம் இதுதான்: காடு எழுந்து நடந்து வரும்வரை உனக்கு அழிவில்லை.

காடாவது, நடப்பதாவது... ராஜா நிம்மதியாக இருந்துவிடுவான்.

நாடகத்துக்கு முந்தின நாள். நாலு நாளாக விடாத மழை. ஒத்திகைக்கு வந்த யோகாவின் முகமே சரியில்லை.

"எங்க லயத்து வீட்டு வரிசைக்கு மேல மண்ணு வெடிச்சிருக்கு. எல்லாரையும் எறங்கச் சொல்லிட்டாங்க. அம்மா போயிட்டாங்க. அப்பா மாட்டை விட்டுட்டு வரமாட்டேங்குறாரு. நாளைக்கு அவரை இழுத்துட்டுப் போகணும். நான் வரலடி."

ராஜா இல்லாமல் எப்படி நாடகம்? எனக்கு அந்தக் கவலைதான். கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, டீச்சர் கேட்ட அதே ஆறுதல் குரலில், அவள் தோளைத் தொட்டு அந்த வசனத்தைச் சொன்னேன்.

சிரித்துவிட்டாள். "சரி, வந்து தொலைக்கிறேன்."

மறுநாள் வந்தாள். இரண்டாவது காட்சி முடிந்ததும் ஸ்கூல் வாட்சர் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார்.

"ஹுன்னஸ்கிரிய பக்கம் மலை சரிஞ்சிருச்சாம். ரோட்டு பிளாக்."

கையில் போன் இல்லாத காலம். அட்டைக் கிரீடத்தோடு யோகா அப்படியே நின்றாள். அழவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"நீ சொன்னதை அப்பாக்கிட்ட சொன்னேன்டி. அவரும் சிரிச்சாரு. அப்ப நான் மாட்டோடவே இருக்கேன்னுட்டாரு."

மரங்கள் நின்றபடியே லயத்தின் மேல் இறங்கி வந்தன என்று பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

அவரை உயிரோடு தோண்டி எடுத்தார்கள். ஒரு கால் போய்விட்டது. இப்போது குண்டசாலையில் யோகா வீட்டில் இருக்கிறார். நான் போனால், "வா புள்ள, டீ குடிச்சிட்டுப் போ" என்கிறார். யோகா ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்...

அப்போதெல்லாம் மழை என்றால் ஸ்கூல் லீவு என்று குதிப்போம். இப்போது மழை பிடித்தால் போனில் மூன்று பாஷையில் எச்சரிக்கை வருகிறது. மலைப்பக்கம் இருக்கும் சொந்தக்காரர்கள் எனக்குப் போன் எடுத்து, "பயமில்லைதானே அக்கா?" என்று கேட்கிறார்கள். ஒரு நல்ல வார்த்தைக்காகக் கேட்கிறார்கள் என்று தெரிகிறது. என் வாயில் அது வருவதில்லை.

"பயப்படு. பயந்து, இப்பவே எறங்கி வந்துரு" என்று மட்டும் சொல்கிறேன்.