ஹைப்போ கேனைக் கொட்டிய அன்று

அன்று வீட்டில் இருந்தது நான், என் வீட்டுக்காரர், ஃபிலிம் கழுவக் கற்றுக்கொள்ள வந்த லில்லி. ராயபுரத்தில் எங்கள் வீட்டிலேயே ஒரு இருட்டறை உண்டு. இருவரும் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஃபிலிம் கழுவி மிஞ்சிய ஹைப்போ என்கிற மருந்துத் தண்ணீரை அவர் கேனில் சேர்த்து, அதிலிருந்து வெள்ளி எடுப்பவரிடம் கொடுப்பார். கேனைத் துடைத்துத் துடைத்து வைப்பார். என்னிடம் ஒருநாளும் 'சாப்பிட்டாயா' என்று கேட்டதில்லை.

ஆத்திரத்தில் அந்தக் கேனைக் கக்கூஸில் கொட்டி, நாற்றம் போக பிளீச்சிங் பவுடரும் போட்டேன். புகை கிளம்பி மூச்சு அடைத்தது. லில்லிதான் ஓடிவந்து என்னைத் தெருவுக்கு இழுத்தாள்.

"இன்னாம்மே பண்ண? ரெண்டும் சேந்தா விசம்மே!" என்றார் அவர்.

"எனுக்கு எப்ப சொல்லிக்குடுத்த? எல்லாம் அவளுக்குத்தான!"

இப்போது கேனை நான்தான் மூடித் தனியாக வைக்கிறேன். லில்லி இன்னும் வருகிறாள். இருட்டறைக்குள் என்னோடு மூன்று பேர்.