கழட்டி மாட்டும் தாடை

ஆறுக்குட்டி எதையும் நம்பாதவர். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அவருக்குச் சம்பளமே அதற்காகத்தான் கொடுக்கப்பட்டது. நீலகிரியில் கேத்திக்கு மேலே இருந்த மேல்மந்து தேயிலை ஃபேக்டரியில், சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலைச் சாக்குகளில் முழங்கைவரை கையை விட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவர் உத்தியோகம். மேலே கொழுந்து சிரிக்கும். அடியில் முற்றல் இலை இருக்கும், தண்ணீர் இருக்கும், ஒருமுறை ஒரு முழு முட்டைக்கோஸ் இருந்தது. தவறி விழுந்துவிட்டது என்றார் சாக்குக்காரர். அது அன்றைக்கே கேன்டீனில் பொரியலானது.

இப்படிக் கையைவிட்டே காலம் தள்ளியவர் வீட்டுக்கு வந்தால் மட்டும் மாறிவிடுவாரா? மனைவி சுசீலா காப்பி கொடுத்தால் அடியிலிருந்து ஒரு கலக்குக் கலக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை முதலில் படிப்பார்.

அப்புறம் தேயிலைக்குக் கெட்டகாலம் வந்தது. குன்னூர் ஏலத்தில் தூள் விலை விழுந்தது. இலை விலையும் கூடவே விழுந்தது. பறிப்பதைவிடப் பறிக்காமல் விடுவதே லாபம் என்று ஆனது. ஃபேக்டரியைப் பூட்டினார்கள். மேனேஜர் கீர்த்திவாசன் கோயமுத்தூரில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு ஒரு ஞானத்தோடு திரும்பினார். மலைச்சரிவில் சைக்கிளில் உருண்டு இறங்குவதற்குக் காசு கொடுக்கிற மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்களாம். இலை காயப்போட்ட மாடி சைக்கிள் ஷெட் ஆனது. ஆறுக்குட்டி ஷெட்டுக்குப் பொறுப்பானார். புது சைக்கிள்களின் முன்சக்கரத்தில் ஸ்பிரிங் இருப்பதைக் கண்டதும் அவருக்குச் சந்தேகம் தட்டியது. ஒழுங்காகப் போகிற வண்டி என்றால், செய்தவன் எதற்கு முன்கூட்டியே ஸ்பிரிங் வைக்கிறான்?

வந்தவர்களுக்கு வழிகாட்டி முன்னால் இறங்குகிற வேலை அவர் மகள் சுவாதிக்குக் கிடைத்தது. விருந்தாளிகள் டிரைவர் வேலனின் ஜீப்பில் மேலே போவார்கள். பாதையில் கல், மரம் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு சுவாதி மட்டும் மிதித்தே ஏறவேண்டும். இங்கேதான் தலைக்கவசப் பிரச்சினை ஆரம்பித்தது. சாதாரண ஹெல்மெட் என்றால் ஏறும்போது காற்று வரும். தாடை வெளியே இருக்கும். முகத்தை மூடுகிற ஹெல்மெட் என்றால் தாடை பத்திரம். ஏறும்போது கண்ணாடி பனித்துப்போய், உள்ளே இட்லி வேகிறது என்றாள் சுவாதி.

தாடையைப் பற்றி எதற்கு இவ்வளவு கவலை என்றால், பாதையின் இருபுறமும் கவாத்து வெட்டிய தேயிலைச் செடிகள். முழங்கால் உயரத்தில் சாய்வாக வெட்டப்பட்டு, குச்சிகள் எல்லாம் மேலே பார்த்து நிற்கும். போன மாதம் சாதாரண ஹெல்மெட்டோடு இறங்கிய ஒருவர் அதில் விழுந்து, தாடை பிளந்து, குன்னூரில் தையல் போட்டுக்கொண்டு ஊர் போனார். அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டவர் ஆறுக்குட்டி. அன்று முதல் மகளுடைய சைக்கிளைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தாடைக்கு ஒரு வழி சொன்னால்தான் சாவி. சுவாதி இறங்காவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டிவரும் என்று மேனேஜரும் சொல்லிவிட்டார்.

அந்த மேனேஜரே ஒரு நாள் காலையில் புது ஹெல்மெட் ஒன்றோடு வந்தார். தாடைப்பகுதியைத் தனியாகக் கழட்டலாம். ஏறும்போது கழட்டிப் பையில் மாட்டிக்கொள்வது, இறங்கும்போது திரும்ப மாட்டிக்கொள்வது. ஷெட்டுக்கே இதை வாங்கிவிடலாம், போட்டோவில் அழகாக இருக்கும் என்றார்.

ஆறுக்குட்டி அதற்குள் கையை விட்டுத் துழாவினார்.

"ஏனுங்க சார், கழட்டுனா கழண்டு வர்றது, கழட்டாமயும் கழண்டு வருமுங்களே?"

"லாக் இருக்குதுங்க ஆறுக்குட்டி. கழட்டினா மறுபடி மாட்டிக்கலாம்."

"போன வருசம் ஃபேக்டரியப் பூட்டும்போது லீஃப் ஷெட் ஆளுங்களுக்கும் அப்பிடித்தானுங்க சொன்னீங்க. இப்பக் கழட்டறோம், விலை ஏறுனா மாட்டிக்கறோம்னு."

மேனேஜர் எதிர்மலையைப் பார்த்தார்.

சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது. பனி கொட்டுகிற காலை. சமவெளியிலிருந்து ஏறிவந்த நம் ஜனங்கள் மலையில் கால் வைத்த நாளிலிருந்து ஒரு தலைக்கவசத்தை நம்பி வாழ்கிறார்கள். அதற்கு மங்கி குல்லா என்று பெயர். சுருட்டினால் தொப்பி, இறக்கினால் முகமூடி. கழட்டி மாட்டும் வித்தை அதிலும் உண்டு, ஆனால் ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. ஆறுக்குட்டி தன் பழுப்புக் குல்லாவைக் கழட்டி, காதில் காற்று போய்விடும் என்று மகள் தலையில் இழுத்துவிட்டு, அதற்குமேல் ஹெல்மெட்டை வைத்து, தாடையைப் பொருத்தினார். ஒரு பக்கம் 'டக்' என்றது. மறுபக்கம் 'சப்' என்றது. பிடித்து ஒரே இழுப்பு. தாடை கையோடு வந்துவிட்டது.

பிடிபட்ட திருடனைக் காட்டுவதுபோல அதை மேனேஜருக்கும் வேலனுக்கும் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சுவாதி ஹெல்மெட்டைக் கழட்டி, லாக் ஓட்டையில் விரலை விட்டு, ஒரு கொத்துப் பழுப்புக் கம்பளியை எடுத்து நீட்டினாள்.

"இது உங்க குல்லாங்கப்பா."

அவர் கம்பளியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பழுப்புக் குல்லா ஊருக்குள்ள ஒருத்தன்கிட்டத்தான் இருக்குதா?"

வேலன் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

குல்லா இல்லாமல் மாட்டியபோது இரண்டு பக்கமும் 'டக்' என்றது. ஆறுக்குட்டி இழுத்தார். தாடை வரவில்லை, சுவாதி வந்தாள். மறுபடி இழுத்தார்.

"அப்பா, கழுத்து என்னுதுங்க."

"இருக்கட்டும் அம்மிணி, இன்னொருக்கா."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "விழுந்தா தாடை எனக்குப் போகுமுங்கப்பா. போகாம நின்னா வேலையும் எனக்குத்தான் போகும். ரெண்டையும் நீங்களே இடுப்புல செருகி வெச்சிருக்கீங்க."

சாவி வெளியே வந்தது. சுவாதி தாடையைப் பையில் மாட்டிக்கொண்டு மிதித்து ஏறினாள். மேலே போய் மாட்டாமல் விட்டுவிடுவாளோ என்ற ஐயத்தில் ஆறுக்குட்டி ஜீப்பில் பின்னாலேயே போனார். உச்சியில் அவள் மாட்டும்போது ஹெல்மெட்டில் காதை வைத்து இரண்டு 'டக்'கையும் கேட்டுக்கொண்டார்.

இறங்கும்போது இரண்டாவது வளைவில் ஈரமண் சறுக்கி, சைக்கிள் ஒருபக்கமும் சுவாதி ஒருபக்கமுமாகச் செடிகளுக்குள் போனார்கள்.

அவர் ஓடியபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் ரத்தம். ஹெல்மெட்டின் தாடையில், வாய்க்கு நேர் முன்னால், ஒரு குச்சி நீளமாக உழுதுவிட்டுப் போயிருந்தது. ஆறுக்குட்டி அந்தக் கீறலில் விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினார். பிறகு தாடையைக் கழட்டிவிட்டு, உள்ளே இருந்த தாடையையும் அதேபோலத் தடவினார். அதில் ஒன்றும் இல்லை. உடனே திரும்பி, மண்ணை ஏன் இப்படி ஈரமாக வைத்திருக்கிறார்கள் என்று வேலனைத் திட்டினார்.

மேனேஜரிடம் தீர்ப்பைச் சொன்னார். "அம்மிணிக்கு இதுவே இருக்கட்டுமுங்க. அவ மிதிச்சு ஏறறா, கழட்ட வேண்டியிருக்குது. ஜீப்புல ஏறறவங்களுக்கு எதுக்குங்க கழட்டறது? மூச்சு வாங்கறது ஜீப்புக்குத்தானுங்களே. அவங்களுக்குக் கழட்ட முடியாததே வாங்குங்க."

போட்டோ போய்விட்ட வருத்தத்தில் மேனேஜர் தலையாட்டினார்.

மறுநாள் சுவாதி வேலைக்குப் போனாள். ஆறுக்குட்டி ஷெட்டில் இல்லை. இரண்டாவது வளைவில், வேலனிடம் கேட்டு வாங்கிய பழைய டயர்களைக் கவாத்துச் செடிகளுக்கு முன்னால் வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்தார். ஹெல்மெட்தான் நல்லது என்று ஆகிவிட்டதே, இது எதற்கு என்று கேட்டார் மேனேஜர்.

"ஹெல்மெட்டு நல்லதுதானுங்க சார்," என்றார் முடிச்சை இறுக்கியபடி. "அது செடிக்குத் தெரியாதுங்களே."